சங்கக்கா வாய் திறக்காத நாள்

எங்க அக்கா சண்டை போட்டு நீங்க பார்த்ததில்லை. பார்த்திருந்தா நான் இப்ப சொல்லப்போறதை நம்பமாட்டீங்க. அதனால முதல்ல சண்டையைப் பத்தியே சொல்லிடறேன்.

அக்கான்னா கூடப் பொறந்தவ இல்லை. என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மார்க்கெட்ல மூட்டை தூக்கறவங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவறவங்க. எல்லாருக்கும் சேர்த்து ஒரே வீடு. வீடுன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான். இருக்கறது ஒரு ரூமு, நடுவுல ஒரு பழைய போர்வை தொங்கும், அந்தப்பக்கம் அவங்க குடும்பம், இந்தப்பக்கம் எங்க குடும்பம். அவங்க தும்மினா நாங்க முழிச்சுக்குவோம். கல்யாணமாகி வந்த புதுசுல அக்காவோட ஒருதடவை மோதிப் பார்த்தேன். எனக்கும் வாய் ஒண்ணும் குறைச்சல் இல்லை, எங்க அம்மா வீட்டுல என்னைக் கண்டா எல்லாருக்கும் நடுக்கம்தான். ஆனா அக்கா பேசி முடிச்சப்ப எனக்கு என் பேரே மறந்துபோச்சு. அன்னிக்கே நான் அவ கட்சியில சேர்ந்துட்டேன்.

சந்துல அவளுக்கு சங்கக்கான்னு பேரு. மில்லுல ஷிப்டு மாறறப்ப சங்கு ஊதுவாங்க இல்லையா, அந்தக் குரல் அவளுக்கு. அவ இந்த முனையில வாயைத் திறந்தா அந்த முனையில தூங்கற குழந்தை எழுந்துக்கும். அழகா வேற திட்டுவா. அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவங்களே வீட்டுக்குப் போய், அவ சொன்னதை நினைச்சு சிரிப்பாங்க.

அந்த வாய் எங்க சந்துக்கே பெரிய சொத்து. ஏன்னு சொல்றேன். சந்துக்கு ஒரே குழாய். காலையில தண்ணி வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போயிடும். திறந்து விடறதும் மூடறதும் வால்வுக்காரர். மெயின் ரோட்டுல ஒரு குழி, குழிக்கு இரும்பு மூடி, உள்ளே வால்வு. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வெச்சிருப்பார், அதை உள்ளே விட்டுத் திருகுவார். எந்தச் சந்துக்கு எவ்வளவு நேரம்னு ஆபீஸ்ல கணக்கு உண்டு. கணக்கு ஆபீஸ்ல இருந்து என்ன பிரயோஜனம், சாவி அவர் கையிலதானே. அதனால எங்க பக்கத்துல ஒவ்வொரு சந்துக்கும் ஒரு வாய் வெச்சிருப்பாங்க. தண்ணி வர்ற நேரம் பூரா அவ வால்வுக் குழிகிட்டயே நிப்பா. மூடறதுக்கு அவர் சாவியை எடுத்தா போதும், ஆரம்பிச்சுடுவா. நல்ல வாய் உள்ள சந்துல கடைசிக் குடம் வரைக்கும் ரொம்பும். வாய் செத்த சந்துல பாதிக் குடத்தோட வீட்டுக்குப் போவாங்க. எங்க சந்துக்கு வாய் எங்க அக்கா. அதுக்குக் கூலியெல்லாம் கிடையாது. குழாயடியில அவ குடம்தான் எப்பவும் முதல் குடம், அதுதான் மரியாதை.

இந்த வால்வுக்காரர் வேலைக்கு வந்த புதுசுல ரொம்ப கறாரா இருந்தார். இளவயசு, கல்யாணமாகி கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. மணி ஆனா மூடிட்டுப் போய்க்கிட்டே இருப்பார். அக்கா அவர் பரம்பரையையே இழுத்துப் பார்த்தா, மசியலை. ஒருநாள் பாதிக் குடத்துலயே மூடிட்டார். அன்னிக்கு எங்க வீட்டுல சமைக்கக்கூட தண்ணி இல்லை, ஓட்டல்லயும் முதல்நாள் அக்கா திட்டு வாங்கியிருந்தா. எல்லாம் சேர்ந்து ஏறிடுச்சு. நடுரோட்டுல நின்னு, "எங்க வயித்துல அடிக்கற உன் வீட்டுல தொட்டில் ஆடவே ஆடாது"ன்னு சொல்லிட்டா. அவர் பொண்டாட்டி அப்ப வயித்துப் பிள்ளைக்காரின்னு எங்க யாருக்கும் தெரியாது.

அந்தக் குழந்தை பொறந்து கண்ணைத் திறக்கவே இல்லை.

சந்துல குசுகுசுன்னு பேச்சு கிளம்பிடுச்சு. சங்கக்காவுக்கு கரிநாக்கு, சொன்னா பலிச்சுடும்னு. வால்வுக்காரர் காதுலயும் விழுந்திருக்கும். லீவு முடிஞ்சு வந்தவர் அக்கா முகத்தை ஏறெடுத்துப் பார்க்கலை. நேரம் ஆச்சு, மூடலை. அக்கா குழிகிட்ட இருந்து நகர்ற வரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். அதுக்கப்புறம் தினமும் அப்படித்தான். எங்க சந்துல குடம் குடமா தண்ணி. துணி துவைச்சோம், வாசல் கழுவினோம். அடுத்த சந்துக்குப் போகவேண்டியதும் எங்களுக்கே வந்துச்சு. எப்படி வருதுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால சொல்லிக்கலை. அக்காவும் கேட்டுக்கலை.

இப்ப கதைக்கு வர்றேன்.

ஓட்டலுக்குப் போற வழியில ஒரு சைக்கிள் கடை, அதுக்கு மேல மாடியில ஒரு ஜெப வீடு. பாஸ்டர்னு சொல்றவர் வேற யாரும் இல்லை, கீழே கடையில பஞ்சர் ஒட்டறவர்தான். வாரம் பூரா கையில கரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை. சத்தமா பாடுவாங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு தலைவலி மண்டையைப் பிளக்குது. அந்தப் பாட்டு வேற. இரு, போய் அவங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துட்டு வர்றேன்னு கிளம்பினா. எனக்கு குஷி தாங்கலை. நானும் பின்னாடியே ஓடினேன். வாசல்ல நின்னு அவ வாயைத் திறக்கறதுக்குள்ள பாஸ்டர் பொண்டாட்டி, வாங்கம்மான்னு சொல்லி ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து போட்டுட்டாங்க.

நீங்க சிரிக்கலாம், என்னடா நாற்காலின்னு. எங்க அக்காவுக்கு அதுவரைக்கும் வாழ்க்கையில யாரும் நாற்காலி போட்டதில்லை. ஓட்டல்ல தரையில குந்திக்கிட்டுத்தான் கழுவணும். ஆஸ்பத்திரியில சுவரோரமா நிக்கணும். அவ பொண்ணோட பள்ளிக்கூடத்துல கூப்பிட்டனுப்பினாலும் நிக்கவெச்சேதான் பேசுவாங்க. அவ அந்த நாற்காலியை ஒரு நிமிஷம் பார்த்தா. சரி, உட்கார்ந்துட்டு சண்டை போடலாம்னு நினைச்சாளோ என்னவோ, உட்கார்ந்துட்டா.

பாஸ்டர் அன்னிக்கு இயேசுவைப் பிடிச்சுக் கட்டி இழுத்துட்டுப் போனதைப் பத்தி சொல்லிக்கிட்டு இருந்தார். முகத்துல துப்பறாங்க, கன்னத்துல அறையறாங்க, வாய்க்கு வந்தபடி ஏசறாங்க. தப்பே பண்ணாத மனுஷன், பதிலுக்கு ஒரு வார்த்தை பேசாம நின்னார்னு சொன்னார். எங்க அக்கா படக்குனு எழுந்துட்டா.

"ஏன் பேசலை? வாய் இல்லையா அவருக்கு?"

மாடியே திரும்பிப் பார்த்துச்சு. எனக்கு சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா அவ கிண்டலுக்குக் கேட்கலை. சண்டையையே தொழிலா வெச்சிருந்தவ அவ, அவளுக்கு அது நிஜமாவே புரியலை. பாஸ்டரும் சிரிக்கலை. நல்லாவே இருந்துச்சும்மா, புயலையே அதட்டி அடக்கின வாய் அதுன்னார். அப்ப ஏன் அவனுங்களைச் சும்மா விட்டார்னு இவ விடலை. அவங்களை ஜெயிக்க வரலை, காப்பாத்த வந்தார், தன்னை ஏசினவனுக்காகவும் சேர்த்துத்தான் உயிரைக் கொடுத்தார்னு அவர் சொன்னார். அக்கா மெதுவா உட்கார்ந்தா. தலைவலியை மறந்துட்டா, வந்த வேலையையும் மறந்துட்டா. எனக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

வீட்டுக்கு வந்தும் அதே ரோதனை. பாத்திரம் கழுவறப்ப திடீர்னு நிறுத்தி, "ஒரு வார்த்தைகூடவா சின்னவளே?"ன்னு என்னைக் கேட்பா. நான் என்னத்தைக் கண்டேன். அடுத்த வாரமும் மாடி ஏறினா. அதுக்கு அடுத்த வாரம் பொண்ணையும் கூட்டிட்டுப் போனா. கொஞ்ச நாள்ல அந்தப் போர்வைக்கு அந்தப்பக்கம் இருந்து ஜெபம் கேட்க ஆரம்பிச்சது. அவளுக்கு ரகசியமா பேச வராது, கடவுளுக்கும் அதே குரல்தான். எங்க வீட்டுக்காரர், சாமிக்குக் காது கேட்காதா என்னன்னு என்னைக் கேட்டார்.

அதுவரைக்கும் பெத்த பொண்ணை அவ பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சனியனே, எருமையேன்னுதான். ஒருநாள் காலையில "கண்ணு, எழுந்திரும்மா"ன்னா. பொண்ணு விருட்டுனு எழுந்து என்கிட்ட ஓடி வந்து, சித்தி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அழுதுச்சு. அவ வீட்டுக்காரர், எங்க பெரியவருக்கு, மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போயிடுச்சு. நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு கேட்டுக்கிட்டிருந்தவ, உட்கார்ந்து அவர் முதுகுக்குத் தைலம் தேய்க்கறா. அந்த மனுஷன் பயந்துபோய், வீட்டுல எதையாவது வித்துட்டாளான்னு தம்பியைக் கூப்பிட்டு விசாரிச்சார். வறுமை ஒண்ணும் குறையலை, அதே ரூமு, அதே போர்வை. தட்டுல இருக்கற கஞ்சிக்கு அவ கண்ணை மூடி நன்றி சொல்றதைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும். இந்தத் தண்ணிக் கஞ்சிக்கு என்ன நன்றி வேண்டிக்கிடக்குன்னு கேட்டேன். நேத்து இதுவும் இல்லைன்னு நீதானே மூக்கைச் சிந்தினேன்னா.

இதெல்லாம் எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை. வால்வுக்காரர் விஷயத்துல கைவெச்சா பாருங்க, அப்பத்தான் எனக்கு வந்துச்சு கோபம்.

ஒருநாள் குழிகிட்ட நிக்கறப்ப அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. அன்னிக்கு ஓட்டலுக்குப் போற வழியில சொல்றா, அந்தத் தம்பி என்னைப் பார்த்து நடுங்கறார் சின்னவளே, நான் கண்ணை மூடினா அவர் முகம்தான் வருது, அவர்கிட்ட போய் பேசணும்னு. அவர் பயந்துதான் நமக்குத் தண்ணி, பயம் போச்சுன்னா தண்ணி போச்சு, உனக்குப் பைத்தியமான்னு கேட்டேன். தெரியும்னா. பாஸ்டர் சொன்னாரான்னு கேட்டேன். அவர் சொல்லலை, கடவுள் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டாரும்மா, அவசரப்படாதேன்னுதான் சொன்னாராம்.

"கடவுள் மன்னிச்சுட்டார், சரி. அந்தத் தம்பி நெஞ்சுல நான் போட்ட பயத்தை யார் எடுக்கறது? நான்தானே எடுக்கணும்?"

எதிர்வீட்டு தையல்காரிக்கு மூக்குல வேர்த்துடும், எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டா. சாயந்திரம் சந்துப் பொம்பளைங்களை எல்லாம் திரட்டிக்கிட்டு வந்துட்டா. உனக்கு மோட்சம் வேணும்னா எங்க குடத்துல ஏன் கைவெக்கறேன்னு கேட்டா. நியாயமான கேள்வி. அக்கா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, அந்தப் பயத்துல வர்ற தண்ணி எனக்குத் தொண்டையில இறங்கலைன்னா. அடுத்த சந்துல பாதிக் குடத்தோட போறாங்களே, அவங்களும் நம்மளைப்போல கூலிக்காரங்கதானேன்னா. இதைச் சொல்றதுக்கு அவ குரலைக்கூட உயர்த்தலை, சாதாரணமா சொன்னா. அதைக் கேட்டு அவங்களுக்கு இன்னும் கடுப்பாயிடுச்சு.

மறுநாள் காலையில எல்லாரும் குடம் ரொப்பி முடிச்சதும் அவ வால்வுக் குழிக்கு நடந்தா. நானும் பின்னாடியே போனேன். தடுக்கத்தான் போனேன், வேற எதுக்கும் இல்லை. வால்வுக்காரர் குழியில பாதி இறங்கி நின்னு சாவியைத் திருகிக்கிட்டு இருந்தார். இவளைப் பார்த்ததும் கை நின்னுடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விடவாம்மான்னு கேட்டார். அந்தக் குரலைக் கேட்டப்பதான் எனக்கே ஒரு மாதிரி ஆச்சு. அக்கா குழி ஓரத்துல ரோட்டுலயே மண்டி போட்டு உட்கார்ந்தா.

"தம்பி, அன்னிக்கு உங்க வீட்டைப் பத்தி நான் சொன்னது பாவம். என்னை மன்னிக்கணும். என் நாக்குல ஒண்ணும் கிடையாது, அது வெறும் வாய். நீங்க எனக்குப் பயப்படவேண்டாம். நேரம் ஆனா மூடிடுங்க."

அவர் சாவியை வால்வுல இருந்து உருவினார். அப்புறம் குழியில இருந்து மேல ஏறி வந்தார். சாவியை ரோட்டுல போட்டார். பேச ஆரம்பிச்சார் பாருங்க, இத்தனை வருஷமா அடக்கி வெச்சிருந்தது மொத்தமா வந்துச்சு. அவர் சொன்னதை என் வாயால சொல்லமாட்டேன். கடைக்காரங்க வெளியே வந்துட்டாங்க, சைக்கிள்ல போறவங்க இறங்கிட்டாங்க, தையல்காரி முன்வரிசையில நிக்கறா. அவளோட அம்மா, அவ சாதிசனம், அவ ஒழுக்கம், எதையும் விடலை. புதுசா சாமி பிடிச்சிருக்கியே, அந்தச் சாமி என் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்குமான்னு கேட்டார்.

எங்க அக்கா நின்னா. மண்டி போட்டிருந்தவ எழுந்து, கையைக் கட்டிக்காம, தலையைத் தொங்கப்போடாம, அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னா. கண்ணுல இருந்து தண்ணி தாரைதாரையா ஓடுது, உதடு மட்டும் ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. நான் வாயைத் திறந்தேன். என் கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினா பாருங்க, வளையல் உடைஞ்சுபோச்சு. கடைசியில அவரே பேச முடியாம ரோட்டோரமா உட்கார்ந்து முகத்தை மூடிக்கிட்டார். அக்கா கீழே கிடந்த சாவியை எடுத்து அவர் பக்கத்துல மெதுவா வெச்சுட்டு நடந்தா.

வழியில நான் பொரிஞ்சு தள்ளினேன். ஊரே பார்க்க இப்படி வாங்கிக்கிட்டு வர்றியே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதான்னேன். அவ மூக்கைத் துடைச்சுக்கிட்டு சொல்றா, உள்ளே எத்தனை பதில் வந்துச்சு தெரியுமா, ஒவ்வொண்ணும் முத்து முத்தா இருந்துச்சு, எல்லாத்தையும் முழுங்கிட்டேன்னு. சந்து முனைக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினா.

"ஒரே ஒரு ஆளு ஏசினதுக்கே என் ஈரக்குலை ஆடிப்போச்சு சின்னவளே. ஊரே ஏசறப்ப அவர் எப்படித்தான் நின்னாரோ."

அவ ஜெயிச்ச சண்டை எல்லாத்தையும் நான் கூட இருந்து பார்த்தவ. எதுலயும் எனக்கு அன்னிக்குப் போல நெஞ்சு நிமிரலை. கோபம் ஒருபக்கம் இருந்துச்சு, ஆனாலும் சொல்றேன், நான் அந்த ரோட்டுல ராணி கூட நடக்கறவ மாதிரிதான் நடந்து வந்தேன்.

தண்ணி என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. மறுநாள் காலையிலேயே நேரம் ஆனதும் டக்குனு நின்னுது. கடைசியில நின்ன குடமெல்லாம் காலி. சந்தே அக்கா மேல பாய்ஞ்சுது. முதல் குடம் மரியாதை அன்னியோட போச்சு. அவ குடத்தைத் தூக்கி வரிசைக் கடைசியில வெச்சாங்க, அவ ஒண்ணும் சொல்லலை. சந்துக்குப் புது வாயா தையல்காரி போய் குழிகிட்ட நின்னு பார்த்தா. அவளுக்கு வேகம் உண்டு, சரக்கு கிடையாது. வால்வுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கலை. அடுத்த சந்துல மட்டும் அதுக்கப்புறம் முழுக் குடம் கிடைச்சதா கேள்விப்பட்டோம்.

பாஸ்டர் கடைக்குப் பின்னாடி ஒரு அடிபம்பு இருந்துச்சு. அக்கா அங்கே போய் அடிச்சு, ஒரு குடம் இடுப்புல, ஒரு குடம் தலையிலன்னு கொண்டுவருவா. முதல் நடை யார் குடம் காலியோ அவங்களுக்கு. தையல்காரி வீட்டு வாசல்லயும் ஒண்ணு வெப்பா. அவ வாங்கமாட்டா, அக்கா வெச்சுட்டு வந்துடுவா, கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவு திறந்து குடம் உள்ளே போயிடும். அவளுக்காக நானும் காத்திருந்து, ஓட்டலுக்கு நேரமாகி ரெண்டு பேருக்கும் பாதிநாள் கூலி பிடிச்சாங்க. அந்த நாள்ல எல்லாம் நான் அவ கடவுளையும் சேர்த்துத் திட்டியிருக்கேன். அவ கேட்டுக்கிட்டே குடத்தை இறக்குவா. எப்பவும் எதையாவது பாடிக்கிட்டே இருப்பா, ராகம் மட்டும் சகிக்காது.

அப்படியே மாசக்கணக்கா ஓடிடுச்சு. அவ ஞானஸ்நானமும் எடுத்தா. ஒருநாள் நாங்க ஓட்டலுக்குக் கிளம்பி நிக்கறோம், வால்வுக்காரர் சந்துக்குள்ள வர்றார். சாவி இல்லாம, சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம. எங்க வீட்டு வாசல்ல நின்னு, என் சம்சாரம் உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்கன்னார். திரும்பவும் வயித்துல பிள்ளையாம். மாசம் நெருங்கிடுச்சாம். ஊர்ல யாருக்கும் சொல்லாம மறைச்சே வெச்சிருந்திருக்காங்க. அந்தப் பொண்ணு வெளியே வர்றதில்லை, சாப்பிடறதில்லை, பிள்ளைக்குன்னு ஒரு துண்டுத் துணிகூட வாங்க விடறதில்லையாம். பழைய வார்த்தை காதுலயே நிக்குதுன்னு சொல்லுதாம். டாக்டரம்மா, பயத்துலயே பிள்ளையைக் கெடுத்துக்காதேன்னு சத்தம் போட்டாங்களாம்.

வேலைக்குப் போகலை, நேரா அவர் வீட்டுக்குப் போனோம். சின்ன வீடு, ஜன்னல்லாம் சாத்தி இருட்டா இருந்துச்சு. கட்டில் ஓரத்துல அந்தப் பொண்ணு உட்கார்ந்திருக்கா, மேடிட்ட வயித்துல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு. அக்காவைப் பார்த்ததும் சுவரோட ஒட்டிக்கிட்டா. அக்கா கிட்டப் போகலை, வாசப்படிகிட்டயே தரையில உட்கார்ந்துட்டா. அப்புறம் அந்தப் பொண்ணு கேட்டா, அன்னிக்கு மனசாரத்தான் சொன்னீங்களான்னு.

இல்லம்மா, ஏதோ கோபத்துல வந்துடுச்சுன்னு சொன்னா முடிஞ்சுது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அக்கா சொல்றா, "ஆமாம்மா. மனசாரத்தான் சொன்னேன்."

அடிப்பாவி, இப்ப போய் உண்மையைச் சொல்றியேன்னு வாய்வரைக்கும் வந்துச்சு.

"உன் வீடு நாசமாகணும்னு நினைச்சுத்தான் சொன்னேன். அந்தப் பாவம் என்னுது, அதை நான் இயேசுகிட்ட சொல்லி அழுதுட்டேன். ஆனா உன் பிள்ளை என் வார்த்தையால போகலை. என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தா, எங்க வீட்டு வறுமை என்னிக்கோ செத்துப்போயிருக்கணும். நான் அதைத் திட்டின மாதிரி உலகத்துல எதையும் திட்டினதில்லை. அது பாரு, குண்டுக்கல்லாட்டம் இன்னும் எங்க வீட்டுலதான் உட்கார்ந்திருக்கு."

அந்தப் பொண்ணு அவளையே பார்த்தா. உதடு துடிச்சுது. அழப்போறான்னு நினைச்சேன், சிரிச்சுட்டா. சிரிப்பு வந்து, அதோடவே அழுகையும் வந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு குலுங்கறா. வால்வுக்காரர் கதவு பின்னாடி நின்னு முகத்தைத் துடைச்சுக்கறார். அக்கா அப்பத்தான் எழுந்து கட்டில்கிட்டப் போனா. நான் இந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணலாமான்னு அனுமதி கேட்டா. எங்க அக்கா ஒரு காரியத்துக்கு அனுமதி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பொண்ணு அவ கையை எடுத்துத் தன் வயித்து மேல தானே வெச்சுக்கிட்டா.

அன்னியில இருந்து வேலை விட்டதும் அக்கா அங்கே ஒரு எட்டு போய் வருவா. ஜன்னலைத் திறந்து வெப்பா, உட்காரவெச்சு ரெண்டு வாய் ஊட்டுவா, பக்கத்துல உட்கார்ந்து சின்னத் துணியா மடிச்சு வெப்பா. தையல்காரிகூட தன் பங்குக்கு ரெண்டு சின்னச் சட்டை தைச்சுக் கொடுத்தனுப்பினா. யார் கொடுத்ததுன்னு சொல்லாதேன்னு என்கிட்ட ஏழு தடவை சொன்னா, நான் முதல் வேலையா சொல்லிட்டேன். தண்ணி அதே நேரத்துக்குத்தான் வந்துச்சு, அதே நேரத்துக்குத்தான் நின்னுது. அதுல ஒரு நிமிஷம்கூட அவர் எங்களுக்குக் கூட்டிக் கொடுக்கலை, அக்காவும் கேட்கலை.

வலி எடுத்தது ஒரு மத்தியானம். ஆட்டோவுல நாங்க எல்லாரும் அடைஞ்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரசவ வார்டு வாசல்ல ஒரு ஆயாம்மா, கல்லு மாதிரி. பொண்ணோட சொந்தத்துல ஒரே ஒரு பொம்பளையைத்தான் உள்ளே விடுவாங்களாம். அந்தப் பொண்ணோட மாமியார் அங்கேயே நிக்கறாங்க, சித்தி ஒருத்தங்களும் வந்திருக்காங்க. ஆனா தள்ளுவண்டியில படுத்திருக்கறவ அக்கா கையை விடமாட்டேங்குறா. ஆயாம்மா அக்காவை மேலயும் கீழயும் பார்த்தாங்க. ஓட்டல்ல இருந்து அப்படியே ஓடி வந்தவ, முழங்கை வரைக்கும் பாத்திரம் தேய்ச்ச சாம்பல்.

"நீ யாரு இவளுக்கு?"

ஊர்ல யார் என்ன கேட்டாலும் கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வெச்சிருக்கறவ எங்க அக்கா. அவளுக்கு அன்னிக்கு பதில் வரலை. என்னன்னு சொல்லுவா. இவ குடும்பத்தைச் சபிச்சவன்னா சொல்ல முடியும். வாயைத் திறந்தா, மூடினா, கையை விடுவிச்சுக்கிட்டு பின்னாடி நகரப் பார்த்தா. வண்டியில கிடந்த பொண்ணு பல்லைக் கடிச்சுக்கிட்டு தலையைத் தூக்கினா.

"எங்க அக்கா. உள்ளே விடுங்க."

மாமியார் ஒதுங்கி வழிவிட்டாங்க. கதவு திறந்துச்சு, ரெண்டு பேரும் உள்ளே போனாங்க. எனக்குச் சுருக்குனுச்சு, மறைக்கறதுக்கு என்ன இருக்கு. எங்க அக்கான்னு அவளைச் சொல்லிக்கறவ இந்த உலகத்துல நான் ஒருத்திதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் உம்முனு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உள்ளே இருந்து குழந்தை அழற சத்தம் கேட்டுச்சு, வால்வுக்காரர் தரையிலேயே உட்கார்ந்து தேம்பறார், சரி, பரவாயில்லை, அவளுக்கும் ஒரு அக்கா வேணும் இல்லையான்னு விட்டுக்கொடுத்துட்டேன்.